படுக்கை கேட்காத வலி

அறநூல்கள் விரிவாகப் பேசும் துன்பங்கள் பசியும் பிணியும் மூப்பும் சாவும்தான். இரவு முழுவதும் உறங்கவிடாமல், மறுநாள் வேலைக்கும் போகவிடாமல் ஒருவரை வதைத்துவிட்டு, ஆனாலும் அவரைக் கொல்லாமல் விட்டுவிடும் பல்வலி போன்ற துன்பத்துக்கு அந்தப் பட்டியலில் தெளிவான இடம் கிடைத்ததில்லை. உயிருக்கு ஆபத்து இல்லாத வலி பிறர்மேல் ஏதேனும் கடமையைச் சுமத்துகிறதா, சுமத்தினால் அது மனமிரங்கிக் கொடுக்கும் கொடையா அல்லது செலுத்தியே ஆகவேண்டிய கடனா என்பது பழைய கேள்வி. பெருந்தொற்றுக் காலத்தில் இந்தக் கேள்வி தத்துவ வகுப்பை விட்டு வெளியே வந்து, அரசு வழிகாட்டுதலாகவும் பூட்டிய கிளினிக் கதவாகவும் கட்டணச் சீட்டாகவும் மக்கள்முன் நின்றது. அதை ஆராய்வதற்குப் புனே நகரத்தைவிடப் பொருத்தமான இடம் குறைவு. கொள்ளைநோயும் அறச்சிந்தனையும் அங்கே ஒன்றையொன்று பலமுறை சந்தித்திருக்கின்றன.

மகாராஷ்டிராவின் முதல் கோவிட்-19 நோயாளிகள் 2020 மார்ச் 9 அன்று புனேயில் கண்டறியப்பட்டு, தொற்றுநோய்களுக்கென்றே இயங்கிவந்த மாநகராட்சியின் நாயுடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அடுத்த சில நாள்களில் மாநில அரசு 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தைக் கையில் எடுத்தது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. பல் மருத்துவத்துக்கு மற்ற மருத்துவத் துறைகள் பலவற்றுக்கு இல்லாத ஒரு தனி இடர் இருந்தது. பல்லைக் குடையும் கருவியின் முனை நிமிடத்துக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் சுழல்வதால் பல் சூடேறாமலிருக்க அதனுடன் தண்ணீரும் பீய்ச்சப்படுகிறது; அந்தத் தண்ணீர் உமிழ்நீருடன் கலந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக அறையின் காற்றில் மிதக்கிறது. இதைத்தான் ஏரோசால் என்கின்றனர். முகக்கவசத்தைக் கழற்றி வாயைத் திறந்தபடி கிடக்கும் நோயாளியின் முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் அமர்ந்து வேலைசெய்யும் மருத்துவருக்கும் உதவியாளருக்கும், அதே நாற்காலியில் அடுத்து அமரப்போகிறவருக்கும் அது உண்மையான அபாயம்.

ஆகவே மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மே 19 அன்று பல் மருத்துவர்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகளில் கிளினிக்குகள் மூடியிருக்க வேண்டும், சிவப்பு மண்டலங்களில் அவசரச் சிகிச்சை மட்டுமே செய்யலாம், தள்ளிப்போடக்கூடிய எதையும் தள்ளிப்போட வேண்டும் என்று கூறியிருந்ததைக் கொடுமை என்று சொல்லிவிட முடியாது. புனே அப்போது சிவப்பு மண்டலமாக இருந்தது. பவானி பேட், எரவாடா போன்ற நெருக்கமான பகுதிகள் தொற்றின் மையங்களாக இருந்தன. உலக சுகாதார நிறுவனமும் அதே ஆண்டு ஆகஸ்டில், தொற்று பரவலாக உள்ள இடங்களில் வழக்கமான பல் சிகிச்சையை ஒத்திவைக்கலாம் என்றே அறிவுறுத்தியது. யாரை முதலில் காப்பது என்று நோயாளிகளைத் தரம்பிரிக்கும் முறை போர்க்களத்தில் பிறந்தது. ஆபத்தின் அளவைப் பார்த்து முறையை வகுக்கும் அதன் கண்ணில், கழுத்துவரை வீங்கி மூச்சை அடைக்கும் பல் சீழ் முதலில் வரும், சொத்தைப் பல் கடைசியில் வரும். இதில் அறப்பிழை இல்லை. பிழை எங்கே தொடங்குகிறது என்பதைக் காண, அந்தக் கடைசி வரிசையில் நின்றவரின் வாய்க்குள் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

பல்லின் நடுவே நரம்பும் இரத்த நாளங்களும் அடங்கிய மென்மையான திசு ஒன்று உண்டு. அதைப் பற்கூழ் என்பர். உடலின் பெரும்பாலான இடங்களில் அழற்சி ஏற்பட்டால் அந்த இடம் வீங்கி அழுத்தத்தைத் தணித்துக்கொள்ளும். பற்கூழோ எலும்பைப் போலக் கடினமான சுவர்களுக்குள் அடைபட்டிருப்பதால் அதற்கு வீங்க இடமில்லை. சொத்தை ஆழமாகிக் கிருமிகள் கூழை எட்டியதும் உள்ளே அழுத்தம் ஏறி, நாடித்துடிப்போடு சேர்ந்து பல் விண்விண்ணென்று தெறிக்கிறது. படுத்தால் தலைக்கு இரத்தம் கூடுதலாகப் பாய்வதால் வலி இன்னும் ஏறுகிறது. அதனால் இந்த நோயாளி இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். சிலர் குளிர்ந்த நீரை வாயில் வைத்துக்கொண்டே விடியலை எதிர்பார்க்கின்றனர். இந்த நிலைக்கு வந்த பற்கூழ் தானாக ஆறாது. வலி மாத்திரை சில மணி நேரம் தாங்கும். கிருமிக்கொல்லி மாத்திரையால் இந்த வலிக்குப் பெரிதாகப் பயனில்லை. பல்லைத் திறந்து கூழை அகற்றி வேரை அடைக்கும் ரூட் கெனால் சிகிச்சை, அல்லது பல்லைப் பிடுங்கிவிடுவது, இந்த இரண்டைத் தவிர வேறு வழியில்லை. கூழ் முற்றிலும் செத்துப்போனதும் வலி சில காலம் நின்றுவிடுவதும் உண்டு. நோயாளி குணமாகிவிட்டதாக எண்ணிக்கொண்டிருக்கையில் வேரின் நுனியில் சீழ் கட்டத் தொடங்கியிருக்கும்.

கிளினிக் மூடியிருந்த மாதங்களில் இந்த வலி தொலைபேசி வழியாக மருத்துவரைச் சென்றடைய வேண்டியிருந்தது. ஊரடங்கு தொடங்கிய அதே மார்ச் 25 அன்று தொலைமருத்துவ நெறிமுறைகளை அரசு வெளியிட்டது. எவ்வளவு வலி, எப்போதிருந்து, இரவில் விழிக்க வைக்கிறதா, வீக்கம் இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு நோயாளி சொல்லும் விடையை வைத்தே அது அவசரமா, அவசரமில்லையா என்று முடிவுசெய்ய வேண்டும். தத்துவஞானி விட்கென்ஸ்டைன் 1930களில் கேம்பிரிட்ஜில் தம் மாணவர்களிடம் பிறர் மனத்தை அறிவதைப் பற்றிப் பேசும்போது திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்ட உதாரணம் பல்வலிதான் என்பது இங்கே நினைக்கத்தக்கது. காயம் கண்ணுக்குத் தெரியும், காய்ச்சலை அளக்கலாம். பல்வலி வலிப்பவருக்கு ஐயத்துக்கு இடமில்லாத உறுதி, கேட்பவருக்கு வெறும் சொல். நன்றாகப் பேசத் தெரிந்தவர், மருத்துவரின் மொழி அறிந்தவர், படம் எடுத்தனுப்ப நல்ல கைபேசி வைத்திருப்பவர் ஆகியோரின் வலி அவசரமாக மாறுவது எளிது. மராத்தியும் இந்தியும் அரைகுறையாகப் பேசும் கட்டுமானத் தொழிலாளியின் வலி அப்படி மாறுவது கடினம். ஆபத்தை மட்டும் அளப்பதாகத் தோன்றும் முறை, ஆபத்தைச் சொல்லும் திறனையும் சேர்த்தே அளந்தது.

அதற்கு அடுத்த தடை பணம். புனேயில் தனியார் கிளினிக்குகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் 2020இல் மாநிலத்தின் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் மும்பையிலும் நாக்பூரிலும் அவுரங்காபாத்திலும் இருந்தனவேயன்றிப் புனேயில் இல்லை. சசூன் பொது மருத்துவமனையின் புதிய பதினொரு மாடிக் கட்டடம் கோவிட் நோயாளிகளுக்கு ஒதுக்கப்பட்டது. வசதியில்லாதவர்கள் வழக்கமாகச் சென்றுவந்த இடம் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளின் புறநோயாளிப் பிரிவுதான். மாணவர்கள் பயிற்சி பெறுவதற்கு நோயாளிகள் தேவைப்படுவதால் அங்கே கட்டணம் குறைவு. ஒருவரின் சொத்தைப் பல் இன்னொருவரின் பாடமாவதால்தான் அந்தச் சலுகை. கல்லூரிகள் மூடப்பட்டு மாணவர்கள் ஊருக்குத் திரும்பியபோது அந்த வாசலும் அடைபட்டது. திறந்திருந்த சிறு கிளினிக்குகளில் என்95 முகக்கவசம், பாதுகாப்பு உடை, அறையைத் தூய்மைசெய்யும் செலவு எல்லாம் சேர்ந்து கட்டணம் ஏறியது. ஏற்கெனவே பல ஆயிரம் ரூபாய் பிடிக்கும் ரூட் கெனால், நாள்கூலி நின்றுபோன வீட்டுக்கு நினைத்துப் பார்க்கவும் முடியாததாயிற்று. இதில் மருத்துவர்களைக் குற்றவாளிகளாக நிறுத்துவது நியாயமில்லை. கல்விக் கடனும் கிளினிக் வாடகையும் தலைமேல் இருக்க, நாளுக்கு இரண்டு மூன்று பேரை மட்டும் பார்க்க முடிந்த இளம் மருத்துவர் அந்த உடையின் விலையை யாரிடமாவது வாங்கியே ஆகவேண்டும். வாங்குவதற்கு நோயாளியைத் தவிர வேறு ஒருவரும் இல்லை என்பதுதான் ஆராயப்பட வேண்டியது.

ஏன் வேறு ஒருவரும் இல்லை? மகாராஷ்டிராவின் இலவச மருத்துவத் திட்டத்துக்கு மகாத்மா ஜோதிபா பூலேயின் பெயர். 2020 மே மாதம் அது ஏழை, பணக்காரர் என்ற பாகுபாடின்றி மாநில மக்கள் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. அந்த நெருக்கடியில் அது துணிவான, பாராட்டத்தக்க முடிவு. ஆனால் அந்தத் திட்டமும், மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் அடிப்படையில் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைகளுக்கானவை. சொத்தையை அடைப்பதும் கூழை அகற்றுவதும் நாற்காலியில் உட்கார்ந்து செய்துகொண்டு வீட்டுக்குத் திரும்பும் வேலைகள். தனியார் காப்பீடுகளும் பெரும்பாலும் விபத்தில் அடிபட்ட பல்லை ஏற்கும், சொத்தைப் பல்லை ஏற்காது. அறக்கட்டளை மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டாலும் இதே நிலைதான். பம்பாய் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41ஏஏ பிரிவின் கீழ், பம்பாய் உயர் நீதிமன்றத்தின் 2006ஆம் ஆண்டு உத்தரவின்படி வகுக்கப்பட்ட திட்டம், அத்தகைய மருத்துவமனைகள் 10 விழுக்காடு படுக்கைகளை வறியவர்களுக்கு இலவசமாகவும் இன்னொரு 10 விழுக்காட்டை நலிந்தவர்களுக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும் என்கிறது. அரசின் கடமையும் காப்பீட்டின் கணக்கும் அறக்கட்டளையின் ஈகையும் தனித்தனி ஊற்றுகளிலிருந்து வந்தாலும், மூன்றுக்கும் அளவுகோல் படுக்கைதான். படுக்கை கேட்காத வலி மூன்றின் கண்ணிலும் படாமல் போகிறது.

இந்த அளவுகோலின் வேர் நவீன நிர்வாகத்தில் மட்டும் இல்லை. சிகிச்சை என்பது நான்கு உறுப்புகளைக் கொண்டது என்ற கருத்து இந்திய மருத்துவ நூல்களுக்குப் பொது. மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிசெய்பவர், நோயாளி ஆகிய நால்வகையும் சேர்ந்தால்தான் நோய் தீரும் என்பது அதன் சாரம். சரக சம்ஹிதை தன் முதல் பகுதியின் ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் நான்கு பண்புகளைக் கூறுகிறது. நோயாளியிடம் அது கேட்பவை நினைவாற்றல், சொன்னபடி நடத்தல், அஞ்சாமை, தன் நோயை எடுத்துரைக்கும் திறன் ஆகியவை. சுசுருத சம்ஹிதை நோயாளியின் இலக்கணத்தைச் சொல்லும்போது அவர் பொருள் உடையவராக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறது. பின்னால் வந்த வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயமோ அந்தப் பண்பை முதலிடத்திலேயே வைக்கிறது: செல்வமுடைமை, மருத்துவர் சொற்படி நடத்தல், நோயைத் தெரிவித்தல், மன உறுதி. சரகரின் பட்டியலில் இருந்த நினைவாற்றல் போய், அந்த இடத்தில் செல்வம் வந்து அமர்ந்துகொண்டது.

தமிழில் இதே நகர்வை இன்னும் தெளிவாகக் காணலாம். திருக்குறளின் மருந்து அதிகாரம் தன் கடைசிக் குறளில் இந்த நால்வகையைச் சொல்லி முடிகிறது. வள்ளுவர் நோயாளியை முதலில் வைக்கிறார். அவரிடம் எந்தத் தகுதியும் கேட்கவில்லை. நோயுற்றவர் என்பதே போதுமான தகுதியாக அங்கே நிற்கிறது. பல நூற்றாண்டுகள் கழித்து உரை எழுதிய பரிமேலழகர், நால்வகை ஒவ்வொன்றையும் மேலும் நான்காக விரித்து, நோயாளிக்குரிய நான்கில் பொருளுடைமையை முதலாவதாக எண்ணுகிறார். மருத்துவர்வழி நிற்றலும் நோய்நிலை உணர்த்தலும் மருந்தின் துன்பத்தைப் பொறுத்தலும் அதன் பின்னேதான் வருகின்றன. வாக்படரின் வரிசையை அவர் அப்படியே தமிழ்ப்படுத்தியிருக்கிறார் என்று கருத இடமிருக்கிறது. உரையாசிரியரைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. தம் காலத்து மருத்துவ நூலறிவைக் குறளுக்குள் கொண்டுவருவது அவர் வேலை, உலகில் நடப்பதை உள்ளபடி எழுதினார் என்றும் வாதிடலாம். ஆனால் மூலத்துக்கும் உரைக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியில்தான் மருத்துவ அறத்தின் மிகப் பெரிய கேள்வி கிடக்கிறது. பொருள் என்பது சிகிச்சை நடப்பதற்கு வேண்டிய புறச்சூழல் மட்டும்தானா, அல்லது நோயாளியாக ஏற்றுக்கொள்ளப்படுவதற்கே வேண்டிய தகுதியா? முதலாவது என்றால் அதைச் சமூகம் ஏற்பாடு செய்துகொள்ளலாம். இரண்டாவது என்றால் பணமில்லாதவர் வலியோடு இருக்கிறார், ஆனால் நோயாளியாக இல்லை. 2020இன் புனேயில் தாடையைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றவர்கள் இந்த இரண்டாவது பொருளில்தான் நடத்தப்பட்டனர். ஊரடங்கு முடிந்த பின்னும் அது மாறவில்லை என்பது தொற்றின்மேல் போடமுடியாத பழி.

இந்த இடத்தில் வழக்கமாக எழும் மறுமொழி, துன்பப்படுகிறவரையே அவருடைய துன்பத்துக்குக் காரணமாக்குவது. பழைய வடிவில் அது முன்வினை. புதிய வடிவில் அது பல் துலக்காமை, இனிப்பு, புகையிலை. மகாராஷ்டிராவில் உழைக்கும் பெண்கள் பலரிடம் மிஷ்ரி தேய்க்கும் பழக்கம் உண்டு. புகையிலையைச் சூடான தகட்டின்மேல் கருக வறுத்துப் பொடித்து வைத்துக்கொண்டு, விரலால் தொட்டுப் பல்லிலும் ஈறிலும் தேய்ப்பார்கள். நாளடைவில் அது ஈறைத் தின்று, வாய்ப் புற்றுநோய்க்கும் வழிவகுக்கும். ஆனால் பலருக்கு அது பல்வலிக்கு வைத்தியமாகத்தான் வந்து சேர்கிறது. சில ரூபாயில் கிடைத்து, சற்று நேரம் மரத்துப்போகச் செய்யும் பொருள் வேறு எது இருக்கிறது? சிகிச்சை கிடைக்காததால் தொற்றிக்கொண்ட பழக்கத்தைக் காட்டி, சிகிச்சைக்கான உரிமையை மறுப்பது நியாயத்தின் வட்டச் சுழற்சி. முன்வினைக் கொள்கையைப் பற்றி அம்பேத்கர் ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் எழுப்பிய குற்றச்சாட்டு இதையே குறிவைக்கிறது: ஏழைகளின் நிலைக்கு அவர்களுடைய முற்பிறவியே காரணம் என்று சொல்வதால் கிடைக்கும் ஒரே பயன், அரசும் சமூகமும் தம் பொறுப்பிலிருந்து தப்பித்துக்கொள்வதுதான் என்பது அவர் கருத்து. அவரே 1954 டிசம்பரில் புத்தர் சிலையை நிறுவிய தேஹு ரோடு, புனேயின் விளிம்பிலுள்ள படைமுகாம் ஊர். பௌத்த விநய நூலில், வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடந்த பிக்குவைப் புத்தர் ஆனந்தருடன் சேர்ந்து கழுவித் தூக்கிப் படுக்கவைத்துவிட்டு, மற்றவர்கள் ஏன் அவரைக் கவனிக்கவில்லை என்று கேட்கும் நிகழ்ச்சி உண்டு. அவரால் சங்கத்துக்குப் பயன் இல்லை என்பதே விடையாக வந்தது. அந்த விடையை ஏற்காத புத்தர், நோயாளியைக் கவனிப்பதைச் சங்கத்தின் விதியாக்கினார். அந்த நோய்க்கு அந்தப் பிக்குவின் எந்த வினை காரணம் என்ற விசாரணை அங்கே நடக்கவில்லை.

ஆனால் பெருந்தொற்றின் நெருக்கடியை வினைக்கொள்கையின் மறுப்பு மட்டும் தீர்த்துவிடாது. அங்கே மோதிக்கொண்டவை இரண்டு நல்ல கடமைகள். சிகிச்சை செய்தால் தொற்று பரவலாம். செய்யாவிட்டால் வலி தொடரும். பிற உயிருக்குத் தீங்கு செய்யாமை என்ற அகிம்சை, கதவை மூடு என்றது. மூடிய கதவுக்கு வெளியே நிற்பவரைப் பற்றி அகிம்சைக்குச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் அவருக்கு யாரும் தீங்கு செய்யவில்லை. அவருடைய பல் தானாகவே வலிக்கிறது. இந்த இடைவெளியை மகாபாரதம் உணர்ந்திருக்கிறது. அந்த இதிகாசத்தின் நூற்றுக்கணக்கான கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டுச் செம்பதிப்பை உருவாக்கும் மாபெரும் பணி 1919 முதல் 1966 வரை நடந்தது புனேயின் பண்டார்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனத்தில்தான். அதன் வனபர்வத்தின் இறுதியில் வரும் யட்சன் கதையில், மிக உயர்ந்த அறம் எது என்ற கேள்விக்குத் தருமன் தரும் விடை அகிம்சை அல்ல, ஆநிருசம்சியம். கல்நெஞ்சம் இல்லாமை, தன்னைச் சார்ந்திருப்பவரைக் கைவிடாமை என்று அதை விளக்கலாம்.

அந்தக் கதையில் நச்சுப் பொய்கையின் கரையில் நான்கு தம்பியரும் பிணமாகக் கிடக்கின்றனர்; ஒருவரை மட்டும் உயிர்ப்பிக்கலாம் என்கிறான் யட்சன். வரப்போகும் போரை எண்ணினால் வீமனோ அருச்சுனனோதான் வேண்டும். பயனையும் தேவையையும் அளக்கும் எந்த முறையும் அவர்களில் ஒருவனையே சுட்டும். தருமன் நகுலனைக் கேட்கிறான். குந்திக்குத் தான் ஒருவன் மகனாக இருக்க, மாத்ரிக்கும் ஒரு மகன் எஞ்ச வேண்டும் என்பது அவன் தரும் காரணம். தரம்பிரிக்கும் முறை யாருக்கு ஆபத்து அதிகம், யாரால் பயன் அதிகம் என்று கேட்கிறது. தருமனோ, இந்தப் பங்கீட்டுக்குப் பிறகு முற்றிலும் ஒன்றுமில்லாமல் போகிறவர் யார் என்று கேட்கிறான். நெருக்கடியில் முதல் கேள்வி தவிர்க்க முடியாதது. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை சொல்லி முடித்த கையோடு இரண்டாவது கேள்வியும் எழுந்தாக வேண்டும். 2020இல் பல் சிகிச்சையை ஒத்திவைத்த உத்தரவு முதல் கேள்விக்குச் சரியான விடை. ஒத்திவைப்பின் சுமை எல்லார்மேலும் சமமாக விழுகிறதா, வலியைத் தள்ளிப்போட வசதியிருப்பவரும் இல்லாதவரும் ஒன்றா என்ற இரண்டாவது கேள்வியைக் கேட்கும் கடமை எந்த அலுவலகத்துக்கும் தரப்படவில்லை.

புனேயின் வரலாற்றில் இந்த இரண்டாவது கேள்விக்கு ஒரு முன்மாதிரி உண்டு. தொற்றுநோய்ச் சட்டம் 1897 பிப்ரவரி 4 அன்று பிளேகை ஒடுக்குவதற்காக இயற்றப்பட்டது. அதன் பெயரால் படைவீரர்கள் புனேயின் வீடுகளுக்குள் புகுந்து சோதனையிட்டதும், அந்தக் கொதிப்பில் பிளேக் அதிகாரி ராண்ட் அதே ஆண்டு ஜூனில் சுடப்பட்டதும் பாடநூல்களில் உள்ளவை. அந்தக் கொலைக்கு முன்பே, சட்டம் பிறந்த வாரங்களில், சாவித்திரிபாய் பூலேயும், மருத்துவரான அவருடைய வளர்ப்பு மகன் யஷ்வந்தும் ஹடப்ஸருக்கு அருகே பிளேக் நோயாளிகளுக்கு ஒரு சிகிச்சை இடத்தை நடத்தினர். முண்ட்வாவின் மகார் குடியிருப்பில் ஒரு சிறுவனுக்கு நோய் கண்டிருப்பதை அறிந்த சாவித்திரிபாய், அவனைத் தம் முதுகில் சுமந்துவந்து அங்கே சேர்த்தார். தொற்று அவரையும் பற்றி, 1897 மார்ச் 10 அன்று அவர் உயிர் நீத்தார். சட்டத்துக்கும் அவருடைய சாவுக்கும் இடையே ஐந்து வாரங்கள்கூட இல்லை. இந்தத் தியாகத்தை எல்லா மருத்துவரிடமும் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது; பாதுகாப்பு உடையின்றி நாற்காலி அருகே நில் என்று யாரையும் அறம் கட்டாயப்படுத்துவதில்லை. அவர் செயலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. நோயாளி சிகிச்சை இடத்துக்கு வந்துசேர வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. வர முடியாதவன் யார் என்று தேடிப் போனார். படைத்தவன் மனிதர் எல்லாருக்கும் உரிமைகளைப் பொதுவாகவே தந்தான் என்பது அவருடைய கணவர் ஜோதிபா பூலே எழுதி, ஜோதிபாவின் மறைவுக்குப்பின் 1891இல் வெளிவந்த ‘சார்வஜனிக் சத்ய தர்மம்’ நூலின் மையக் கருத்து. அந்த நூலின் பார்வையில் ஈகை என்பது மேலே உள்ளவர் கீழே உள்ளவருக்குத் தருவதாக இருக்க முடியாது; பொதுவில் உள்ளதைப் பகிர்வதாகத்தான் இருக்க முடியும்.

அந்தப் பூலேயின் பெயர் தாங்கிய திட்டத்தில்தான் 2021ஆம் ஆண்டின் மிகத் துயரமான திருப்பம் நிகழ்ந்தது. இரண்டாம் அலையில், கோவிட்டிலிருந்து மீண்ட நீரிழிவு நோயாளிகள் பலரைக் கரும்பூஞ்சை எனப்படும் மியூக்கர் பூஞ்சைத் தொற்று தாக்கியது. நாட்டிலேயே மிக அதிகமாகப் பாதிக்கப்பட்ட மாநிலங்களில் மகாராஷ்டிராவும் ஒன்று. மூக்கையொட்டிய எலும்பறைகளில் தொடங்கி மேல்தாடை எலும்பை அரிக்கும் இந்த நோய், பலரிடம் முதலில் காட்டிய அடையாளம் மேல்தாடை வலியும் பல் ஆட்டமும்தான். பல்வலி, அதிலும் மேல்வரிசையில் இரண்டு மூன்று பல் ஒருசேர ஆடுகிறது என்று சொன்ன நோயாளியை உடனே நாற்காலியில் அமர்த்தி வாயைத் திறந்து பார்த்த மருத்துவர், கண்ணையும் சில வேளை உயிரையும் காப்பாற்றினார். பார்க்க முடியாமல் போன இடங்களில் பூஞ்சை மேலேறியது. பலருக்கு மேல்தாடையையே அகற்ற வேண்டியதாயிற்று. 2021 மே மாதம் இந்த நோய்க்கான சிகிச்சையை மாநில அரசு பூலே திட்டத்துக்குள் கொண்டுவந்தது. அது மிகத் தேவையான நடவடிக்கை. ஆனால் அதில் இருந்த முரண் பெரிது. ஆடும் பல்லாக இருந்தவரை அந்த நோயாளி திட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. தாடை எலும்பு அழுகிப் படுக்கையில் விழுந்த பிறகே தெரிந்தார். சிறிய வலி, பெரிய வலி என்ற பிரிவு, வலியின் இயல்பைவிட அதைப் பார்ப்பவர் எந்தக் கட்டத்தில் பார்க்கிறார் என்பதைப் பொறுத்ததாக இருந்தது.

எல்லாருக்கும் பல் சிகிச்சை என்பது அரசால் தாங்க முடியாத செலவு என்ற வாதத்துக்கு, செலவு மிகக் குறைந்த வழிகள் ஏற்கெனவே கைவசம் உள்ளன என்பதே விடை. மின்சாரமோ சுழலும் கருவியோ இல்லாமல், கையில் பிடிக்கும் சிறு கருவிகளால் மென்மையான சொத்தையைச் சுரண்டி எடுத்து, பல்லோடு ஒட்டிக்கொள்ளும் கிளாஸ் அயனோமர் பசையால் அடைக்கும் முறை 1980களின் நடுவில் தான்சானியாவில் உருவாக்கப்பட்டது. மயிரிழைத் தூரிகையால் ஒரு சொட்டு வெள்ளி டைஅமைன் ஃபுளோரைடு திரவத்தைச் சொத்தைக் குழியில் தடவினால், அந்த இடம் கருத்தாலும் பெரும்பாலும் அரிப்பு நின்றுவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் இந்த இரண்டு பொருள்களையும் தன் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. இரண்டுமே காற்றில் நுண்துளிகளைப் பரப்புவதில்லை. அதாவது கிளினிக்கை மூடச் செய்த காரணமே இவற்றுக்குப் பொருந்தாது. முற்றிய கூழ் வலியை இவை தீர்க்கமாட்டா. ஆனால் சொத்தை கூழை எட்டுவதற்கு முன்பே, மாநகராட்சி மருந்தகத்திலோ பள்ளிக்கூட வராந்தாவிலோ பயிற்சி பெற்ற ஒருவர் சில நிமிடங்களில் செய்துவிடக்கூடிய வேலை இது.

இந்தச் சில நிமிட வேலை யாருடைய கணக்கில் எழுதப்படும் என்பதுதான் இன்னும் முடிவாகாதது. அறக்கட்டளைத் திட்டத்தில் 10 விழுக்காடு படுக்கை என்று இருக்கும் வரிக்குப் பக்கத்தில் 10 விழுக்காடு பல் நாற்காலி நேரம் என்றும் எழுதலாம். பூலே திட்டத்தின் சிகிச்சைப் பட்டியலில் தாடை அறுவைக்குப் பக்கத்தில் சொத்தை அடைப்பையும் சேர்க்கலாம். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிடம் தொற்றுக் காலத்திலும் வாரத்தில் சில நாள் வலிக்கான பிரிவைத் திறந்து வைக்க வேண்டும் என்ற நிபந்தனையை விதித்து, அதற்கான பாதுகாப்பு உடைகளின் செலவை அரசே ஏற்கலாம். இவற்றில் எதற்கும் பெரிய கட்டடமோ வெளிநாட்டு இயந்திரமோ தேவைப்படாது. நோயாளிக்குரிய தகுதிகளில் பரிமேலழகர் முதலாவதாக எண்ணிய பொருளுடைமையை, நோயாளியின் தலையிலிருந்து இறக்கிச் சமூகத்தின் தலையில் ஏற்றும் வேலை இப்படிப்பட்ட வரிகளில்தான் நடந்தாக வேண்டும்.